தைராய்டு குறைவு: அறிகுறிகளைக் கணக்கெடுப்பது முதல் மாத்திரை அளவைச் சரிப்படுத்துவது வரை

களைப்பு, எடை ஏற்றம், முடி உதிர்வு. இந்த மூன்றையும் சொல்லிக்கொண்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தைராய்டு சரியாகவே இருக்கும். ஹார்மோன் நன்றாகக் குறைந்துவிட்ட 65 வயது அம்மாவோ, "வயசாச்சு, வேற என்ன" என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்திருப்பார். அறிகுறியை மட்டும் நம்பினாலும் தவறும், அறிகுறியைக் கேட்காமல் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தாலும் தவறும்.

அறிகுறி மூன்று வேலைக்கு உதவும். யாருக்குப் பரிசோதனை வேண்டும் என்று காட்டும். மாத்திரை உடம்பில் வேலை செய்கிறதா என்று காட்டும். அளவு மிஞ்சினால் முதலில் காட்டிக்கொடுக்கும். எத்தனை மைக்ரோகிராம் என்று முடிவுசெய்ய மட்டும் அது போதாது. அதற்கு ரத்தப் பரிசோதனைதான் வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி டி4 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது குறைந்தால் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோனைக் கூட்டும். வேலையாள் சுணங்கினால் மேஸ்திரியின் சத்தம் கூடுவது மாதிரி. ஆகவே டிஎஸ்ஹெச் எண் ஏறியிருந்தால் தைராய்டு குறைவு என்று பொருள். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் "அதிகம்" என்று பார்த்துவிட்டு, "தைராய்டு கூடிப்போச்சு" என்று மாத்திரையைத் தாங்களே நிறுத்துகிறவர்கள் உண்டு. இந்த நோயில் நடக்கும் தவறுகளில் இது முக்கியமானது.

படி 1: இருப்பதைக் கேட்காதீர்கள், மாறியதைக் கேளுங்கள்

முப்பது வருடமாக மலச்சிக்கல் இருக்கும் ஒருவருக்கு அது தைராய்டின் அடையாளம் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் தினமும் காலையில் சரியாகப் போய்வந்தவர் இப்போது மூன்று நாளைக்கு ஒருமுறை போகிறார் என்றால் அது கணக்கில் வரும். கடந்த ஓராண்டுக்குள் புதிதாக வந்தவை, ஒன்றோடொன்று சேர்ந்து வந்தவை, மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனவை ஆகியவற்றுக்குத்தான் மதிப்பு.

கேட்கிற விதமும் முக்கியம். "களைப்பா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "அக்கா, போன வருசம் கொடை சமயத்துல இந்த வேலைய எல்லாம் இப்பிடி உக்காந்து உக்காந்துதான் செஞ்சியளா?" என்று கேட்டால் உண்மையான பதில் வரும். கோயில் கொடை, ஓணம், கிறிஸ்துமஸ், பிள்ளையின் கல்யாணம் என்று நாள் தெரிந்த ஒரு நிகழ்வை வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். அன்று போட்ட வளையலும் மோதிரமும் இன்று நுழைகின்றனவா என்று கேளுங்கள். பழைய புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தினமும் முகத்தைப் பார்க்கிற வீட்டாருக்கு வீக்கம் தெரியாது. வெளிநாட்டிலிருந்து ஒரு வருடம் கழித்து வருகிற மகனுக்கு வாசலிலேயே தெரிந்துவிடும்.

படி 2: பன்னிரண்டு அடையாளங்களை எண்ணுங்கள்

1997இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை இன்றும் எளிதாகப் பயன்படுகிறது. பன்னிரண்டு அடையாளங்கள், இருந்தால் தலைக்கு 1 மதிப்பெண். 55 வயதுக்குக் குறைந்த பெண்களுக்குக் கூடுதலாக 1 சேர்க்க வேண்டும். மொத்தம் 5ஐத் தாண்டினால் தைராய்டு குறைவுக்கு வாய்ப்பு அதிகம். 0 முதல் 2 வரை என்றால் வாய்ப்பு குறைவு. இடையில் 3 முதல் 5 வரை வந்தால் அறிகுறியை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நோயாளியே சொல்லவேண்டியவை ஏழு:

1. வேர்வை குறைந்தது
2. குரல் கரகரத்தது
3. கை கால் மரத்துப்போவது, ஊசி குத்துவது
4. தோல் வறட்சி
5. மலச்சிக்கல்
6. காது மந்தம்
7. எடை ஏற்றம்

பார்த்தும் தொட்டும் அறியவேண்டியவை ஐந்து:

8. அசைவில் மந்தம்
9. குதிகால் அனிச்சைச் செயல் தாமதம்
10. தோல் சொரசொரப்பு
11. கண்ணைச் சுற்றி வீக்கம்
12. தோலில் குளிர்ச்சி

குளிர் தாங்காமையும் நாடித்துடிப்புக் குறைவும் இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றையும் சோதித்துப் பார்த்தார்கள். நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் அவை போதுமான அளவுக்குப் பிரித்துக் காட்டாததால் விட்டுவிட்டார்கள். குமரி மாவட்டத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். ஆனி, ஆடிச் சாரலில் குலசேகரத்திலும் பேச்சிப்பாறையிலும் யாருக்குத்தான் குளிராது? சித்திரை வெயிலில், வீட்டில் எல்லோரும் மின்விசிறிக்கு அடியில் கிடக்கும்போது ஒருவர் மட்டும் போர்வை கேட்டால் அதைக் குறித்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் இந்தப் பட்டியலை அப்படியே போட்டால் சில இடங்களில் கணக்கு தப்பும்.

தோல் சொரசொரப்பைக் கையில் பார்க்கக் கூடாது. முந்திரி ஆலையில் தோடு உடைக்கும் பெண்களின் விரல்களை முந்திரிப் பால் அரித்திருக்கும். கயிறு திரிப்பவர், உப்பளத்தில் நிற்பவர், வலை இழுப்பவர் உள்ளங்கைகளும் தொழிலால் காய்ப்பேறியவை. முழங்கையின் பின்புறத்தையும் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தவருக்கு வறட்சி தெரியாது. கடைசியாக எப்போது எண்ணெய் தேய்த்தார் என்று முதலில் கேளுங்கள்.

கை மரத்துப்போவதும் அப்படித்தான். நாள் முழுக்க ஒரே அசைவில் வேலை செய்கிறவருக்கு மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டு விரல் மரக்கும். தைராய்டு குறைவிலும் அதே இடத்தில்தான் நெருக்கம் வரும். இரண்டு கையும் ஒரே காலகட்டத்தில், அதிலும் வேலை அதிகம் செய்யாத கையும் மரத்தால் தைராய்டைச் சந்தேகிக்கலாம். சர்க்கரை உள்ளவருக்குக் கால் மரப்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள்.

வேர்வைக்கு நம் ஊர் நல்ல சோதனைக்கூடம். பங்குனியில் நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் நின்றவருக்குச் சட்டை நனையவில்லை என்றால் அதைப் பதியலாம். குரலுக்குத் தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர்கள் நல்ல சாட்சி. முன்பு எட்டிய மேல்சுருதி இப்போது எட்டவில்லை, போனில் பேசினால் "அண்ணனா பேசுறது?" என்று கேட்கிறார்கள் என்பார்கள்.

குதிகால் சோதனையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பன்னிரண்டில் நோயை நன்றாகப் பிரித்துக் காட்டுபவற்றில் அதுவும் ஒன்று. நோயாளியைச் சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் முழங்காலிடச் செய்யுங்கள். பாதங்கள் நாற்காலி விளிம்புக்கு வெளியே தளர்வாகத் தொங்க வேண்டும். இரு கையாலும் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குதிகாலுக்குச் சற்று மேலே, விரலால் தொட்டால் கயிறு போலத் தெரியும் தசைநாணில் ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். பாதம் வெடுக்கென்று பின்னால் உதைக்கும். பார்க்கவேண்டியது அந்த உதையை அல்ல, பாதம் திரும்பி வருவதை. ஆரோக்கியமானவருக்கு உதைத்த வேகத்திலேயே திரும்பும். தைராய்டு குறைந்தவருக்கு உதை சரியாக இருக்கும், பாதம் ஒரு கணம் அங்கேயே நின்று, பிறகு மெல்ல வழிந்து இறங்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. பாதம் அசையவே இல்லையென்றால் அது தாமதம் ஆகாது, சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கலாம். முதுமையிலும், சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் மெல்லத் திரும்புவது உண்டு. இது சுகாதாரப் பணியாளரும் மருத்துவரும் செய்யவேண்டியது, வீட்டில் சுத்தியலால் தட்டிப் பார்க்காதீர்கள்.

பட்டியலுக்கு வெளியே மூன்றைக் கூடுதலாகக் கேட்கலாம்: பெண்களுக்கு மாதவிடாய் அதிகமாகப் போவது அல்லது மாதம் தவறுவது, கருத்தரிக்கத் தாமதம் அல்லது கரு கலைவது, புதிதாக ஏறிய கொழுப்பு. கொழுப்புக்கு மாத்திரை தொடங்கும் முன் டிஎஸ்ஹெச் பார்ப்பது நல்ல பழக்கம். தைராய்டு சரியானால் கொழுப்பு தானாக இறங்கலாம். தைராய்டு குறைவோடு கொழுப்பு மாத்திரை சாப்பிட்டால் தசைவலி வரும் வாய்ப்பும் அதிகம்.

மதிப்பெண் குறைவு என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாதவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணிகள், பிரசவித்து ஓராண்டுக்குள் உள்ளவர்கள், கழுத்தில் வீக்கம் உள்ளவர்கள், தைராய்டு அறுவை அல்லது கதிர் அயோடின் சிகிச்சை செய்தவர்கள், முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்கள், இதயத்துடிப்புக்கான அமியோடரோன் அல்லது மனநோய்க்கான லித்தியம் சாப்பிடுபவர்கள், அம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ தைராய்டு நோய் உள்ளவர்கள். இவர்கள் மதிப்பெண் பூஜ்யமாக இருந்தாலும் பார்க்க வேண்டும்.

படி 3: அதே முகத்தோடு வரும் மற்ற நோய்கள்

ரத்தசோகை, சர்க்கரை, பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மாதவிடாய் நிற்கும் காலம் எல்லாமே களைப்போடும் சோர்வோடும் வரும். டிஎஸ்ஹெச் எடுக்கும் அன்றே ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். தைராய்டு குறைவால் மாதவிடாய் அதிகமாகி, அதனால் ரத்தசோகை வந்தவர்களும் உண்டு. ஒன்று கிடைத்துவிட்டதே என்று மற்றதைத் தேடாமல் விட்டால் பாதிக் களைப்பு மிஞ்சும்.

படி 4: ரத்தம் கொடுப்பது

முதல் பரிசோதனைக்கு டிஎஸ்ஹெச் போதும். அது கூடியிருந்தால் அதே ரத்தத்தில் எஃப்டி4 (புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) பார்க்கச் சொல்லலாம். தைராய்டின் இன்னொரு ஹார்மோனான டி3 இந்த நோயைக் கண்டுபிடிக்க உதவாது, கடைசி வரை சரியாகவே இருக்கும். டிபிஓ எதிர்ப்பொருள் ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும். சுரப்பியை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறதா என்று அது சொல்லும், அந்த எண்ணைத் திரும்பத் திரும்ப அளந்து துரத்துவதில் பயனில்லை. கழுத்தில் கட்டி கைக்குத் தெரியாதவருக்கு ஸ்கேனும் வேண்டாம்.

டிஎஸ்ஹெச் இரவிலும் விடியலிலும் ஏறி, பிற்பகலில் இறங்கும். முதல் முறை காலை 7 மணிக்கும் அடுத்தது மாலை 4 மணிக்கும் கொடுத்துவிட்டு "குறைந்துவிட்டது" என்று சந்தோஷப்படக் கூடாது. ஒரே ஆய்வகம், ஏறக்குறைய ஒரே நேரம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சில ஆய்வக முறைகளில் அது டிஎஸ்ஹெச்சைப் பொய்யாகக் குறைத்தும் டி4ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வாங்கிச் சாப்பிட்டு, அதனாலேயே தைராய்டு குறைவு ரிப்போர்ட்டில் ஒளிந்துகொள்வது வேடிக்கையான சிக்கல்.

கடும் காய்ச்சலிலும் மருத்துவமனையில் படுத்திருக்கும்போதும் அவசியமில்லாமல் இதைப் பார்க்க வேண்டாம். டெங்கு போன்ற நோயிலிருந்து தேறும் காலத்தில் டிஎஸ்ஹெச் தற்காலிகமாக ஏறி, தானே இறங்கும்.

படி 5: எண்ணை வாசிப்பது

பெரியவர்களுக்கு டிஎஸ்ஹெச்சின் இயல்பு அளவு லிட்டருக்குச் சுமார் 0.4 முதல் 4 அல்லது 4.5 மில்லி யூனிட் வரை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு 6 வரைகூட இயல்பாக இருக்கலாம்.

டிஎஸ்ஹெச் கூடி, எஃப்டி4 குறைந்திருந்தால் முழுமையான தைராய்டு குறைவு, மாத்திரை உறுதி. டிஎஸ்ஹெச் 10ஐத் தாண்டி எஃப்டி4 சரியாக இருந்தாலும் பொதுவாக மாத்திரை தொடங்குவார்கள்.

4.5க்கும் 10க்கும் இடையில்தான் குழப்பம் எல்லாம். உடனே மாத்திரை தொடங்காமல், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கணிசமானவர்களுக்கு இரண்டாம் முறை இயல்புக்குத் திரும்பியிருக்கும். திரும்பாவிட்டால், அறிகுறி மதிப்பெண் அதிகமாக இருக்கிறதா, டிபிஓ கூடியிருக்கிறதா, கர்ப்பத்துக்குத் தயாராகிறாரா என்று பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார். படி 1இலும் 2இலும் கேட்டுக் குறித்தவை அதிகம் பயன்படுவது இந்த இடத்தில்தான். 65ஐத் தாண்டியவர்களுக்கு இந்த இடைப்பட்ட எண்ணுக்கு மாத்திரை கொடுப்பதால் களைப்பு குறைவதில்லை என்று பெரிய ஆய்வுகளே காட்டிவிட்டன. ஆனாலும் 6.2 என்ற எண்ணுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை எழுதப்பட்டவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள்.

எஃப்டி4 குறைந்து டிஎஸ்ஹெச்சும் குறைந்தோ சாதாரணமாகவோ இருந்தால் விஷயம் வேறு. கோளாறு தைராய்டில் இல்லை, பிட்யூட்டரியில். பிரசவத்தில் அதிகமாக ரத்தம் போய், பிறகு பால் சுரக்காமல், மாதவிடாயும் திரும்பி வராத பெண்ணுக்கு இதைக் கட்டாயம் நினைக்க வேண்டும். இவர்களுக்கு அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசாலைப் பார்க்காமல் தைராய்டு மாத்திரை தொடங்குவது ஆபத்து. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டிய நோய் இது.

படி 6: தொடங்கும் அளவு

மருந்து லெவோதைராக்சின். தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்ற பெயர்களில் கிடைக்கிறது. 12.5, 25, 50, 75, 88, 100, 112, 125 என்று பல அளவுகளில் வரும், எல்லாமே மைக்ரோகிராம்.

முழுமையான குறைவு உள்ள, இதயம் நன்றாக உள்ள இளவயதினருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் கணக்கு. 60 கிலோ என்றால் 96, ஆகவே 100. இடைப்பட்ட எண்ணுக்கு என்றால் 25 முதல் 50 போதும். ஸ்டென்ட் வைத்தவர், நெஞ்சுவலி உள்ளவர், முதியவர் ஆகியோருக்கு 12.5 அல்லது 25இல் தொடங்கி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை மெல்ல ஏற்ற வேண்டும். இவர்களுக்கு முதல் நாளே 100 கொடுத்தால், இத்தனை நாள் மெதுவாக ஓடிய இதயம் திடீரென்று வேகமெடுத்து நெஞ்சுவலி வரலாம்.

பிராண்டை மாதத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டாம். மருந்துக்கடையில் வேறு பெயர் கொடுத்தால், அளவு அதேதானா என்று டப்பாவில் படித்துப் பார்த்து, ஆறு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் பாருங்கள். 12.5க்கும் 125க்கும் நடுவில் ஒரு புள்ளிதான் வித்தியாசம்.

படி 7: விழுங்கும் முறை

அளவு சரியாக இருந்தும் எண் இறங்காதவர்களுக்கு, பெரும்பாலும் கோளாறு இங்கேதான் இருக்கும்.

வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரில், சாப்பிடுவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. சாயாவும் கட்டங்காப்பியும் (பால் சேர்க்காத காப்பி) சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். காப்பி குடித்தால், இந்த மாத்திரையை உடம்பு சரியாக உறிஞ்சாது. எழுந்ததும் கட்டங்காப்பியோடு மாத்திரையைப் போடும் பழக்கம் இருந்தால், அளவைக் கூட்டும் முன் அந்தப் பழக்கத்தை மாற்றுங்கள்.

அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களுக்கு இது எளிது. இருட்டில் எழுந்து தலைவிளக்கை மாட்டும்போதே மாத்திரையைப் போட்டுவிட்டால், முதல் சாயா குடிப்பதற்குள் ஒரு மணி நேரம் தாண்டிவிடும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பரபரப்பில் மறப்பவர்கள், இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் போடலாம். பலனில் குறை இல்லை, ஆனால் தினமும் அதே நேரம்தான். நோன்புக் காலத்தில் தக்கலை, தேங்காய்ப்பட்டணம் பக்கத்தவர்கள் சஹருக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரவுச் சாப்பாட்டுக்கு 3 மணி நேரம் பின்போ வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பைத் தண்ணீரும் மருந்தும் முறிக்காது என்பது கத்தோலிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது, அதற்காக வாரம் ஒரு மாத்திரையை விடவேண்டாம்.

இரும்புச்சத்து, கால்சியம், அமிலத்துக்கான ஜெலுசில் வகைகள் மூன்றும் இந்த மாத்திரையை வயிற்றிலேயே கட்டிப்போடும். 4 மணி நேர இடைவெளி வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பும் கால்சியமும் வாங்கும் கர்ப்பிணிகளுக்கு ஒரு கால அட்டவணை: காலை 5.30 மணிக்குத் தைராய்டு மாத்திரை, 6.30க்குக் காலைச் சாப்பாடு, மதியம் சாப்பிட்டபின் இரும்பு, இரவு சாப்பிட்டபின் கால்சியம். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது. எல்லா மாத்திரையையும் ஒரே கையில் கொட்டி விழுங்குவதுதான் இந்த அட்டவணைக்கு முதல் எதிரி. வயிற்றுப்புண்ணுக்குத் தினமும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவு சற்றுக் கூட வேண்டியிருக்கலாம்.

மாத்திரைக்கு வெளிச்சமும் ஈரமும் ஆகாது. அது வந்த பாட்டிலிலேயே இருக்கட்டும். ஒரு வாரத்துக்குரியதைத் திறந்த கிண்ணத்தில் எடுத்து அடுப்படி ஜன்னலில் வைத்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் பிடித்துவிடும். தூத்தூர், சின்னத்துறை விசைப்படகுகளில் வாரக்கணக்கில் கடலுக்குப் போகிறவர்கள், போகும் நாளைவிட இரண்டு வாரத்துக்கு அதிகமாகவே எடுத்துச்செல்லுங்கள். இஞ்சின் அறைப் பக்கம் வைக்காதீர்கள், சூட்டில் மாத்திரை வீரியம் இழக்கும்.

ஒருநாள் மறந்தால்? நினைவு வந்ததும் போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால், இதய நோய் இல்லாதவர் அன்று இரண்டாகப் போட்டுக்கொள்ளலாம். மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால் ஒருநாள் தவறினால் ஒன்றும் ஆகிவிடாது. அதே காரணத்தால், நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். "விட்டுப் பார்த்தேன், ஒண்ணும் செய்யலியே" என்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

படி 8: முன்னேற்றத்தை அளப்பது

மருந்து தொடங்கியபின் அல்லது அளவு மாற்றியபின் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். இரண்டாம் வாரமே பார்த்தால் எண் பாதி வழியில் இருக்கும், அதைப் பார்த்து அளவைக் கூட்டினால் மிஞ்சிப்போகும். கூட்டுவதும் குறைப்பதும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமாக இருக்கட்டும். சரியான பிறகு ஆறு மாதத்தில் ஒருமுறை, பின்பு வருடத்துக்கு ஒருமுறை.

இடைப்பட்ட காலத்தில் அதே பன்னிரண்டு அடையாளங்களை மாதம் ஒருமுறை நோட்டில் போடுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் மாறாது. சோர்வும் மலச்சிக்கலும் இரண்டு மூன்று வாரத்தில் விலகத் தொடங்கும். முகவீக்கமும் குரலும் அதற்குப் பின்னால். தோலுக்கும் முடிக்கும் மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். நடுவில் முடி கொஞ்சம் அதிகமாகக் கொட்டுவதும் உண்டு, அதற்காக நிறுத்தாதீர்கள்.

எடையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. தைராய்டு குறைவால் ஏறும் எடையில் பெரும்பகுதி உப்பும் நீரும்தான், இறங்குவதும் சில கிலோ மட்டும். 20 கிலோ ஏறியதற்குத் தைராய்டைக் குற்றம் சொல்ல முடியாது. எடை குறையட்டும் என்று மாத்திரையைக் கூட்டிப் போடுகிறவர்கள் இதயத்தோடு விளையாடுகிறார்கள்.

அளவு மிஞ்சினால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, அடிக்கடி வயிறு போவது, புழுக்கம் தாங்காமை வரும். ரத்தத்தில் டிஎஸ்ஹெச் இயல்பு அளவுக்குக் கீழே போயிருக்கும். முதியவர்களுக்கு இந்த அடையாளங்கள் தெரியாமலேயே இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பும் தேயும். மாதவிடாய் நின்ற பெண் கால் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அவருடைய தைராய்டு மாத்திரை அளவையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

எண் சரியாகியும் உடம்பு சரியாகாவிட்டால்

பத்தில் ஒருவர் அளவுக்கு இப்படிச் சொல்வார்கள், பொய் சொல்லவில்லை. முதலில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி, சர்க்கரை பாருங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனை. மனச்சோர்வைக் கேட்கத் தயங்காதீர்கள். டிஎஸ்ஹெச் 3.8இல் இருப்பவருக்கு அளவைச் சற்றுக் கூட்டி 1 முதல் 2 வரை கொண்டுவந்து பார்ப்பது மருத்துவர் செய்யக்கூடியது. காலை உடல்வெப்பத்தை அளந்து, அதற்கேற்ப மாத்திரையைக் கூட்டச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள், உடல்வெப்பத்துக்கும் மருந்தளவுக்கும் அப்படிப்பட்ட நேர்த்தொடர்பு கிடையாது.

கர்ப்பமும் குழந்தையும்

மாத்திரை சாப்பிடும் பெண், நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியான அன்றே அளவைக் கூட்ட வேண்டும். ஸ்கேன் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வழக்கமான முறை வாரத்துக்கு 7க்குப் பதிலாக 9 மாத்திரை: இரண்டு நாள் மட்டும் இரண்டிரண்டாக. இதைக் கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி எழுதி வாங்கி வைத்திருங்கள். பாதிக் கர்ப்பம் வரை 4 வாரத்துக்கு ஒருமுறையும், 30ஆம் வாரத்தை ஒட்டி ஒருமுறையும் டிஎஸ்ஹெச் பாருங்கள். 2.5க்குள் இருப்பது இலக்கு. பிரசவமானதும் பழைய அளவு, ஆறு வாரத்தில் மறுபரிசோதனை. தாய்ப்பாலுக்குத் தடையில்லை.

பிறந்த குழந்தைக்கு அறிகுறியை எதிர்பார்த்துக் காத்திருப்பது பெரிய தவறு. தைராய்டு இல்லாமல் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை முதல் வாரத்தில் மற்ற குழந்தைகளைப் போலவே இருக்கும். மூன்றாம் நாளை ஒட்டிக் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும். நீடிக்கும் மஞ்சள்காமாலை, கரகரத்த அழுகை, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருப்பது, தொப்புள் பிதுக்கம் ஆகியவை தெரிந்தால் அன்றே போங்கள்.

மரச்சீனி, மீன், உப்பு

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, விடவேண்டுமா என்று கேட்காத வீடு விளவங்கோடு பக்கத்தில் இல்லை. பச்சைக் கிழங்கிலுள்ள ஒரு பொருள் உடம்பில் தயோசயனேட்டாக மாறி, சுரப்பி அயோடினை எடுப்பதைத் தடுக்கும். அயோடின் குறைவாக உள்ள இடத்தில்தான் அது பெரிய பிரச்சினை. தோலை உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீன்குழம்போடு சாப்பிடுகிற நம் வழக்கம் நல்ல வழக்கமே. முட்டைக்கோஸும் வேகவைத்துச் சாப்பிட்டால் பயமில்லை.

புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களின் கல்லுப்பு அருகிலேயே கிடைப்பதால் அயோடின் சேர்க்காத உப்பு சில வீடுகளில் புழங்குகிறது. நேரடியாக உண்பதற்கு அத்தகைய உப்பை விற்க 2006 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. சமையலுக்கு அயோடின் சேர்த்ததையே வாங்குங்கள். ஆனால் ஏற்கெனவே நோய் வந்தவருக்கு அயோடின் மாத்திரையோ கடற்பாசித் தூளோ மருந்தாகாது. மிகை அயோடின் சுரப்பியை மேலும் முடக்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கதிரியக்கமுள்ள மணல் காரணமா என்ற கேள்வியும் வரும். காரணம் எதுவானாலும் பரிசோதனையும் மாத்திரையும் மாறப்போவதில்லை. சித்த மருந்தோ வர்ம சிகிச்சையோ எடுப்பவர்கள் லெவோதைராக்சினை நிறுத்தாமல், ஆறு வாரத்தில் டிஎஸ்ஹெச் பார்த்துக்கொள்ளுங்கள்.

108ஐ அழைக்க வேண்டிய நேரம்

தைராய்டு குறைவு உள்ளவர், அதிலும் மாத்திரையை மாதக்கணக்கில் விட்டுவிட்ட முதியவர், குழறிப் பேசுகிறார், எழுப்பினால் எழவில்லை, உடம்பு சில்லென்றிருக்கிறது, மூச்சு மெதுவாக இருக்கிறது என்றால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. காய்ச்சல், நிமோனியா, தூக்க மாத்திரை, அறுவை சிகிச்சை ஆகியவை இதைத் தூண்டிவிடும். விட்ட மாத்திரைகளைச் சேர்த்து வாயில் போடாதீர்கள், தண்ணீர்கூடப் புகட்ட வேண்டாம், புரையேறும். சுடுதண்ணீர்ப் பை வைத்துச் சூடேற்றவும் கூடாது, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். சாதாரணப் போர்வை போர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மாத்திரை பாட்டிலும் கடைசி ரிப்போர்ட்டும் கூடவே போகட்டும். மயங்கிக் கிடப்பவருக்குத் தைராய்டு நோய் இருப்பதே அங்குள்ளவர்களுக்கு அவற்றிலிருந்துதான் தெரியும்.